உங்கள் சபை எந்தச் சபையின் பிள்ளை? (அனுபவப் பகிர்வு)

தேரிக்காட்டான் எழுதியது:

போன வாரம் ஊரில் பிரதிஷ்டைப் பண்டிகை. அசனப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், இப்போதுதான் கல்லூரி முடித்தவன், "நம்ம சபையை ஆரம்பிச்சது வெள்ளக்காரங்கதானே மாமா?" என்று சாதாரணமாகக் கேட்டான். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அவன்மேல் குற்றமில்லை, நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், செம்மண் தேரி. வெள்ளைக்கார மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் (குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம்) கட்டிய பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி, எங்கள் ஊர்ப் பனை உச்சியிலிருந்து பார்த்தாலே தெரியும் என்று தாத்தா சொல்வார். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊருக்குச் சபை வந்தது கோபுரத்தால் இல்லை. ஒரு உபதேசியாரும் (குருப்பட்டம் இல்லாமல் ஊரிலேயே தங்கி வேதம் சொல்லிக்கொடுக்கிற சபை ஊழியர்) அவர் மனைவியும் வந்து குடியிருந்தார்கள், அதனால் வந்தது. பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, ராத்திரி ஜெபம். ஐயர் மாசத்துக்கு ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல் என்றாலும் சண்டை என்றாலும் உபதேசியார் வீட்டுத் திண்ணைதான். இதற்கெல்லாம் முன்னால், 1799-லேயே, அடிபட்டு வந்த கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டி முதலூரை உண்டாக்கியவர்களில் முன்னே நின்ற டேவிட் சுந்தரானந்தமும் நம் மண்ணில் பிறந்த ஒரு உபதேசியார்தான். ஊர்ப் பெயரே முதல் ஊர் என்றுதான் இருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது பாட்டி கதை. உலை கொதித்ததும் அரிசியைக் களைந்து போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு ஓலைக் கொட்டானில் போடுவாள். கைப்பிடி அரிசி. எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு. அரிசி இல்லாத நாளில் ஒரு துண்டு கருப்பட்டியாவது அந்தக் கொட்டானுக்குள் விழும். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர் கடகத்தோடு வந்து வாங்கிப்போவார். எங்கே போகிறது என்று கேட்டால் "டோர்னக்கலுக்கு" என்பாள். டோர்னக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கு ரயில்வேயில் வேலை. 1990களில் சில மாதம் தெலுங்கு நாட்டு டோர்னக்கல் சந்திப்பில் இருக்கவேண்டி வந்தது. காசிப்பேட்டைக்கும் விஜயவாடாவுக்கும் நடுவில், நிலக்கரி வண்டிகள் நிற்கும் ஸ்டேஷன். முதல் ஞாயிற்றுக்கிழமை நம்ம பக்கத்து அசரியா அத்தியட்சர் (பிஷப்) கட்டிய பேராலயத்துக்குப் போனேன். 1939-ல் பிரதிஷ்டையானது. தூணைப் பார்த்தால் கோயில், கும்மட்டத்தைப் பார்த்தால் மசூதி, உள்ளே போனால் நம்ம வேதக்கோயில். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு வயசான அம்மா, எண்பதுக்கு மேல் இருக்கும், "மீதே ஊரு?" என்றார்கள். திருநெல்வேலி என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பக்கத்தில் இருந்தவர் தமிழில் எடுத்துச் சொன்னார்: அந்த அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அசரியாவே. அப்போது தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னாராம். அந்த அம்மா உடனே வலது கையைத் தன் நரைத்த தலையில் வைத்துக் காட்டினார்கள். தெலுங்கில் சொன்னது எனக்குப் புரியவில்லை, ஆனால் வசனம் தெரிந்தது. "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ." நான் அங்கேயே நின்று அழுதேன். பாட்டியின் கொட்டான் வந்து சேர்ந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

வரலாறு தெரியாதவர்களுக்கு மட்டும்: வேதநாயகம் சாமுவேல் அசரியா நம்ம வெள்ளாளன்விளைக்காரர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், ஆளும் நம்ம ஆள்தான் என்று முடிவு. மறு வருஷமே நிஜாம் சமஸ்தானத்துக்கு முதல் ஊழியர் போய்விட்டார். 1909-ல் அசரியாவே போய்த் தெலுங்கு படித்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனார். 1945-ல் அவர் கண் மூடுவதற்குள் அவருடைய டோர்னக்கல் திருமண்டலத்தில் சபையார் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பெரும்பாலும் மாலா, மாதிகா ஜனங்கள், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள். கிராமம் கிராமமாக வாத்தியாரை வைத்தார், அந்த வாத்தியார்தான் சபையை நடத்தினார். நம்ம உபதேசியார் முறையேதான் அது.


உபதேசியார் பேத்தி எழுதியது:

அண்ணாச்சி, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் பாளையங்கோட்டை. ஊசிக் கோபுரக் கோயிலைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கோயிலைக் கட்டிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் கதை எல்லாருக்கும் தெரியும், 1835-ல் அவருடைய மிஷனெரி சங்கமே அவரை விலக்கியதும் தெரியும். எனக்கு அவர் செய்ததில் பிடித்தது 1830-ல் தொடங்கிய தர்ம சங்கம். விசுவாசத்துக்கு வந்தவர்களை நிலக்காரர் விரட்டினால் போய் இருக்க இடம் வேண்டும் அல்லவா, அதற்கு நிலம் வாங்க நம் சபையார் காசு போட்டார்கள். அப்படி எழுந்த ஊர்கள்தான் தென்பக்கம் பல இடத்தில் புரம், புரமாக நிற்கின்றன. அவருக்கு முன்னாலேயே இங்கே சபை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1778-ல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள், ஒரு பிராமண விதவை, 1785-ல் கோட்டைக்குள் கட்டிய கோயிலை எங்கள் ஊரில் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். தொடங்கிவைத்ததே ஒரு பெண்தான், அந்தத் தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்.

என் தாத்தாவின் நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. நீளமான கணக்கு நோட்டு, மஞ்சளாகி ஓரம் பொடிகிறது. ஒவ்வொரு நாளும் நாலு கட்டம்: சந்தித்த வீடு, படித்த வேதபாகம், வந்த ஆட்கள், செலவு. ஒரு மாதம் முழுக்க "வந்த ஆட்கள்" கட்டத்தில் 2, 2, 3, 2 என்றே இருக்கிறது. அந்த 2 தாத்தாவும் ஆச்சியும்தான். அப்புறம் ஒரு நாள் 5. ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்த 5-க்குக் கீழே மெல்லிசாக ஒரு கோடு, வேறு ஒன்றும் எழுதவில்லை. இன்று அந்தக் கிராமத்துச் சபையில் இருநூறு குடும்பத்துக்குமேல், தனிச் சேகரம் (ஒரு குருவானவரின் கீழ் வரும் சபைப் பகுதி), சொந்தமாக ஒரு ஐயர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மனசுக்கு வருத்தம்தான். பல வருஷத்துக்கு முன் நானும் சேர்ந்து காணிக்கை சேகரித்து, ஒரு குக்கிராமத்தில் சிமென்ட் கோயில் கட்டினோம். மைக் செட், டைல்ஸ் எல்லாம் போட்டோம். குடியிருந்து ஊழியம் செய்ய ஒருவரும் இல்லை, ஞாயிறு மட்டும் டவுனிலிருந்து பைக்கில் வந்து போனார்கள். மூன்று வருஷத்தில் பூட்டு. சாவி யாரிடம் என்பதுகூட இப்போது தெரியவில்லை. கட்டடத்தை முதலில் கட்டாதீர்கள், அங்கே ஒரு குடும்பத்தை முதலில் வையுங்கள்.


பிரைட்டன் நர்ஸ் எழுதியது:

நான் சாயர்புரம். இங்கிலாந்தில் பிரைட்டனில் வேலை. இங்கே சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் ஒரு தாய்ச்சபை பிள்ளைச்சபையை "நடுவது" இப்போது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு. லண்டன் ஹோலி ட்ரினிட்டி பிராம்ப்டன் 1985-ல் தொடங்கிய வழக்கம் இது, மூடப்போகும் கோயிலுக்கு ஒரு குருவானவரையும் அவரோடு ஒரு கூட்டம் ஆட்களையும் அனுப்புவார்கள். எங்கள் ஊர் செயின்ட் பீட்டர்ஸ் பழைய பெரிய கோயில், சார்லஸ் பாரி வரைந்தது, மூடிவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. 2009-ல் பிராம்ப்டனிலிருந்து முப்பது பேர் அளவில் வந்தார்கள். வீடு மாற்றி, வேலை மாற்றி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மாற்றிக் குடிவந்தவர்களும் அதில் உண்டு. அக்கா சொன்னது போலவே ஆளை முதலில் வைத்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே இளம்பிள்ளைகள் கூட்டம், நானே போய்ப் பார்த்தேன்.

ஆனால் வேறொரு ஊரில் என் தோழியின் சபையில் இதே வேலை சரியாக நடக்கவில்லை. வந்தவர்கள் நல்லவர்கள்தான். நாற்பது வருஷமாகக் கோயிலைத் திறந்து டீ போட்டு வைத்திருந்த கிழவிகளை ஒரு வார்த்தை கேட்காமல் பெஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். அவர்கள் கோபப்படவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சபை நடப் போகிறவர்கள் ஏற்கெனவே அங்கே முழங்காலில் நிற்கிறவர்கள் யார் என்று முதலில் தேடிப் பார்க்கவேண்டும்.


முக்குப்பீறி எழுதியது:

வளர்ச்சியைப் பேசும்போது காயத்தையும் பேசவேண்டும், மன்னிக்கவும். 1849-ல் மிஷனெரி கால்டுவெல் எங்கள் நாடார் ஜனத்தைத் தாழ்வாகக் காட்டி ஒரு சிறு நூல் எழுதினார். படித்தவர்களுக்கு நெஞ்சு எரிந்தது. நாசரேத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்றால்தான் தெரியும், மிஷனோடு மோதிப் பிரிந்து 1857-ல் தனிச் சபை கண்டார். வெள்ளைக்காரர் தயவு இல்லாமல் ஆராதிக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் அவர். அசரியாவுக்கு அரை நூற்றாண்டு முன்னால்! இதே கால்டுவெல்தான் இடையன்குடியில் 33 வருஷம் எடுத்து ஆலயம் கட்டி 1880-ல் பிரதிஷ்டை செய்து அங்கேயே அடக்கமானார். இரண்டையும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.


மிஷனெரி மகன் எழுதியது:

அப்பா இந்திய மிஷனெரி சங்கத்து ஊழியர். நான் ஆறு வயதிலிருந்து ஹாஸ்டல். வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறைக்குப் போகும்போது அப்பா அந்த ஜனங்களின் பாஷையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. பொறாமையாக இருக்கும். அப்பாவின் அடக்கத்துக்குப் போனபோதுதான், ஆறு கிராமத்திலிருந்து நடந்தே வந்திருந்தவர்கள் என்னை "அண்ணா" என்று கூப்பிட்டு அவர்களோடு உட்காரவைத்தார்கள். உங்கள் பாட்டி போட்ட அரிசியில்தான் நானும் படித்தேன், அண்ணாச்சி.


தேரிக்காட்டான் எழுதியது:

தம்பி, உன் கடைசி வரியை வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். முக்குப்பீறி அண்ணாச்சி, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டிலும் அந்தக் காயம் உண்டு, சட்டாம்பிள்ளையை நான் விட்டுவிட்டது தப்பு.

நேற்று அந்தப் பையன் தானாகவே வீட்டுக்கு வந்தான். கொட்டானை எடுத்துக் காட்டினேன். அடியில் ஓலை இற்றுப்போய்ப் பாட்டி நூல்போட்டுத் தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். பக்கத்து ஊரில் பழைய உபதேசியார் ஒருவர் இன்னும் இருக்கிறார், 84 வயது. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் போய் அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யப்போகிறோம். அவருடைய காது மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்து ஒரு மாசம் ஆகிறதாம், திசையன்விளையில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.