கட்டுரை கேட்டு வந்தவர்கள்

சென்னையிலிருந்து, நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி:

ஒவ்வொரு அக்டோபரிலும் திறந்த அணுகல் வாரத்தின்போது எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வெளியே மேசை போட்டு உட்காருவோம். மொத்தம் ஐந்து பேர். ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. முதல் வருடம் துண்டறிக்கை கொடுத்தோம். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம், "உங்களுக்குக் கிடைக்காத கட்டுரை எது? தேடித் தருகிறோம்" என்று அட்டையில் எழுதி வைத்தோம். அப்புறம்தான் நின்று பேசினார்கள்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் வந்து, தான் 2016இல் எழுதிய கட்டுரையே தனக்குத் திறக்கவில்லை என்றார். அந்த இதழுக்குக் கல்லூரி சந்தா கட்டுவதில்லை. அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை. அந்தத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014 டிசம்பரிலேயே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கின்றன. தங்கள் நிதியில் நடந்த ஆய்வு என்றால், இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிப் பிரதியை யாரும் படிக்கும்படி ஒரு இணையக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்கிறது அது. சாருக்கு இந்த விஷயமே தெரியாது. "ஏம்மா, போட்டால் பதிப்பகத்துக்காரன் கேஸ் போட மாட்டானா?" என்று கேட்டார்.

எந்த இதழ் எந்தப் பிரதியைப் பகிர விடுகிறது என்று தொகுத்துத் தந்த ஷெர்பா ரோமியோ தளத்தில் அந்த இதழின் விதியைப் பார்த்தோம். இதழ் அச்சுக்கோத்து வெளியிட்ட பிடிஎஃபைப் போடக் கூடாது. இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் நடுவர்கள் சொன்ன திருத்தமெல்லாம் முடித்து ஆசிரியர் அனுப்பிய கடைசி வேர்டு பிரதியை, வெளியாகி 12 மாதம் கழித்துப் போடலாம். சரி, அந்த வேர்டு ஃபைல் எங்கே? பழைய லேப்டாப்போடு போய்விட்டது. இரண்டு நாள் அவர் மெயிலைத் தோண்டினோம். அப்போதைய மாணவர் ஒருவர் அனுப்பிய மெயிலில் இணைப்பாக இருந்தது. களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, சார் தன் போனிலேயே திறந்து படித்தார். அன்றிலிருந்து கட்டுரை எழுதுகிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது, அந்தக் கடைசி வேர்டு பிரதியைத் தொலைத்துவிடாதீர்கள் என்பதுதான்.

இன்னொருவர் கல்லூரிக்காரர் இல்லை. மகளை விடுதியில் விட வந்த கால்நடை மருத்துவர். 2022இல் மாடுகளுக்கு லம்பி தோல் நோய் பரவியபோது, ஆட்டம்மைத் தடுப்பூசி மாட்டை எவ்வளவு தூரம் காக்கும் என்று ஒரு கட்டுரையைத் தேடியிருக்கிறார். இதழின் தளம் 35 டாலர் கேட்டதாம், விட்டுவிட்டார். நாங்கள் அந்தக் கட்டுரையாசிரியருக்கு மெயில் போட்டோம். மறுநாள் காலையிலேயே பிரதி வந்துவிட்டது. மருத்துவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒரு மெயில்தானா? அன்னைக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

முன்பு டெல்லியில் படித்தவர்:

தங்கச்சி, உன் பேராசிரியர் கேஸுக்குப் பயந்ததைப் படித்ததும் எனக்கு ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை ஞாபகம் வந்தது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த சின்னக் கடை அது. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து ஒரே கட்டாகத் தருவார்கள். ஒவ்வொரு புத்தகமாக வாங்க எங்களால் முடியாது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன.

மாணவர்கள் சங்கம் அமைத்து, எங்களையும் வழக்கில் சேருங்கள் என்று நீதிமன்றத்துக்கே போனார்கள். நான் கையெழுத்து வாங்கவும் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் அலைந்தேன். கடையைக் காப்பாற்றத்தானே இதெல்லாம் என்று சிலர் கேட்பார்கள். படிப்பைக் காப்பாற்ற என்று பொறுமையாக விளக்குவோம். எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது பேராசிரியர்கள்தான். தங்கள் எழுத்தே அந்தக் கட்டுகளில் இருந்த சிலரும், வழக்கைத் திரும்பப் பெறுங்கள் என்று பதிப்பகங்களுக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கற்பித்தலுக்காக நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவே அனுமதிக்கிறது என்றது. பதிப்பகங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, 2017 மார்ச்சில் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. நான் அதற்குள் படிப்பை முடித்து ஊருக்கு வந்துவிட்டேன். செய்தியைப் படித்ததும் அழுதுவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து:

மத்திய அரசே இதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டி அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் தரும் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, இனி இந்த மேசைக்கு என்ன வேலை என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான், அரசுக் கல்லூரியில் படித்தபோது நானே பயன்படுத்தினேன். படிப்பு முடிந்தது, என் லாகினும் முடிந்தது. இப்போது சின்னத் தனியார் ஆய்வகத்தில் வேலை, பழையபடி கட்டுரைகளின் இலவசச் சுருக்கத்தை மட்டும் படிக்கிறேன். அந்தக் கால்நடை மருத்துவர் இன்று தேடினாலும் அதே 35 டாலர்தானே? கல்லூரிக் கேட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கிடைக்கும்வரை இந்த மேசை வேண்டும். அக்கா, ஆசிரியருக்கு நீங்கள் எழுதும் மெயில் எப்படி இருக்கும்? இங்கேயும் இந்த அக்டோபரில் தொடங்கலாம் என்றிருக்கிறோம்.

சென்னையிலிருந்து:

நாலே வரிதான் தம்பி. நான் யார், என்ன வேலை செய்கிறேன். உங்களுடைய இந்தத் தலைப்பு, இந்த வருடக் கட்டுரை எனக்கு இதற்காகத் தேவை. எங்களிடம் சந்தா இல்லை. ஒரு பிரதி அனுப்ப முடியுமா? கீழே நன்றி. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை அனுப்பு, அப்படியும் வராவிட்டால் கட்டுரையில் பெயருள்ள மற்றவர்களுக்கு எழுது. மாணவராக இருந்து எழுதியவர்கள்தான் பெரும்பாலும் சீக்கிரம் அனுப்புகிறார்கள்.