1997 பென்ஸ் இ250 டீசல் வாங்கலாமா?

வணக்கம். கோவையில் ஒரு டபிள்யூ124 (பழைய இ-கிளாஸ் மாடல்) பென்ஸ் விலைக்கு வந்திருக்கிறது. 1997, புனேயில் உருவான ஐந்து சிலிண்டர் டீசல். விற்பவர் 3.5 லட்சம் கேட்கிறார், ஆர்.சி. 2027 வரை இருக்கிறது. காலையில் ஆறிக்கிடந்த என்ஜின் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. ஆனால் ஜாக்கி வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் துரு பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது. அதுதான் உறுத்துகிறது. என்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம், பாடி போனால் என்ன செய்வது?

ஏசியும் சரியாகக் குளிரவில்லை. கேஸ் குறைவு என்கிறார்; எவாப்பரேட்டர் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பழுது என்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும்.

துருவை வெட்டி வெல்டிங் செய்தவர்கள் எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். அப்புறம், கோவை, திருப்பூர் பக்கம் பழைய பென்ஸ் தெரிந்த மெக்கானிக் யாராவது? ஞாயிற்றுக்கிழமை விற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்ட வண்டி.