1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) லைன், பாலிடெக்னிக்கில் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை. இந்த நிலையில் அரசுக் கல்லூரியையும் நூலகத்தையும் சேர்க்கலாமா?

கேட்டவர்: கல்லூரி_சிஸ்டம்ஸ்

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கலைக் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாலிடெக்னிக்கும் எங்கள் நிர்வாகம்தான். முன்பு இரண்டு இடத்திலும் தனித்தனி பிராட்பேண்ட். போன கல்வியாண்டில் அதையெல்லாம் நிறுத்திவிட்டு, கல்லூரியில் 1 ஜிபிபிஎஸ் லீஸ்டு லைன் (எங்களுக்கு மட்டுமான தனி இணைய இணைப்பு) எடுத்தோம். அங்கிருந்து பாலிடெக்னிக்குக்கு ஒரு பாயிண்ட்-டு-பாயிண்ட் ஃபைபர். ஆர்டரில் அதுவும் 1 ஜிபிபிஎஸ்.

கல்லூரியில் பிரச்சினை இல்லை. பாலிடெக்னிக்கில் எப்போது ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் 93, 94. இரவில் ஆளே இல்லாத நேரத்திலும் அதேதான். ஆன்லைன் தேர்வு நாளில் லேபில் பாதிப் பிள்ளைகளுக்குப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் பதறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. சேவை தருபவரிடம் சொன்னால், 'லிங்க் அப்தான்' (இணைப்பு வேலை செய்கிறது) என்று புகார் டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள்.

இதற்கிடையில் பக்கத்து அரசுக் கல்லூரியும் மாவட்ட மைய நூலகமும் 'நாங்களும் சேர்ந்துகொள்கிறோம், செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம்' என்கிறார்கள். அரசு மருத்துவமனையிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். முதல்வருக்கு ஆர்வம். யார் பெயரில் வாங்குவது, எவ்வளவு வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃபைபர்_களப்பணி

முதலில் அந்த 94. நெரிசல் என்றால் நேரத்துக்கு நேரம் எண் மாறும். அசையாமல் 94-லேயே நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஒரு போர்ட் (கேபிள் செருகும் முனை) 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் ஹெடர் போன்ற கூடுதல் விவரங்கள் போக, உண்மையான தரவுக்கு (டிசிபி) கிடைப்பதே 94 சொச்சம்தான். ஜிகாபிட்டில் இதே கணக்கு 940 வரும்.

பாலிடெக்னிக் ரேக்கில் ஃபைபர் வந்து இறங்கும் மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் பெட்டி) பாருங்கள். 100, 1000 என்று இரண்டு விளக்கு இருக்கும். எது எரிகிறது? அங்கிருந்து ஸ்விட்ச்சுக்குப் போகும் பேட்ச் கார்டையும் மாற்றிப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனாலே பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கல்லூரி முனையையும் விடாதீர்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு லேப்டாப் வைத்து ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள். ஸ்பீட் டெஸ்ட் இணையத்தையும் சேர்த்து அளக்கும். ஐபெர்ஃப் உங்கள் ஃபைபரை மட்டும் அளக்கும். டிக்கெட்டில் 'ஸ்லோ' என்று எழுதாமல் இந்த அளவை ஒட்டினால் மூட முடியாது.

கல்லூரி_சிஸ்டம்ஸ்

பார்த்துவிட்டேன் சார். பாலிடெக்னிக் பக்கக் கன்வெர்ட்டரில் 100 மட்டும் எரிகிறது. மூடிமேலேயே '10/100' என்று அச்சிட்டிருக்கிறது. 1000 என்ற விளக்கே அதில் கிடையாது. பெட்டி சேவை தருபவருடையது. படமும் ஐபெர்ஃப் அளவும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சேர்ந்து வாங்குவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பழைய_வளாகப்_பொறியாளர்

சேர்வது நல்ல யோசனை, ஆனால் நீங்கள் நினைக்கும் வடிவில் வேண்டாம். உங்கள் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் ஒரே நிர்வாகம், அது வேறு. அரசுக் கல்லூரிக்கும் நூலகத்துக்கும் உங்கள் லைனிலிருந்து பிரித்துக் கொடுத்துப் பணம் வாங்கினால், அது இணைய சேவை விற்பது. அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். அரசு நிறுவனங்கள் வாங்குவதற்கு 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. உங்கள் பில்லில் ஒரு பங்கு கொடுத்தோம் என்று அவர்கள் தணிக்கையில் காட்ட முடியாது.

தேவையைச் சேர்ந்து கணக்கிட்டு, விலையையும் சேர்ந்தே பேசுங்கள். ஆர்டர் மட்டும் அவரவர் விதிப்படி, அவரவர் பெயரில், உரிமம் உள்ள நிறுவனத்துக்கு நேராகப் போகட்டும். நான்கு இடம் ஒரே ஊரில் என்றால் விலையும் இறங்கும், பழுது பார்க்க ஆளும் சீக்கிரம் வருவார்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: பொது ஐபி, அதாவது இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் முகவரி. பல மின்னிதழ்களில் படிக்க அனுமதி ஐபி முகவரியை வைத்துத்தான். ஆய்விதழ்களைப் படிக்க 2025-இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. அரசுக் கல்லூரிக்குப் பொருந்தும், அரசு உதவி பெறும் உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேட் முகவரிக்கு (பலர் பகிரும் ஒரே பொது ஐபி) பின்னால் உட்கார்ந்தால், நூலகத்துக்கு வரும் வாசகரும் பதிப்பாளர் கண்ணுக்கு அந்தக் கல்லூரி மாணவராகத் தெரிவார். யாரோ ஒருவர் இதழ்களை மொத்தமாக இறக்கினால், பதிப்பாளர் அந்த ஐபியையே தடுப்பார், எல்லோருக்கும் போய்விடும். அதனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பொது ஐபி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புதிய வகை முகவரியான ஐபிவி6-ம் கேளுங்கள்.

மருத்துவமனையை இப்போதைக்கு விடுங்கள். அங்கே நோயாளி விவரம் ஓடுகிறது. துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கும் அரசுக் கல்லூரி விண்ணப்பித்துப் பார்க்கட்டும். 2010-இல் 5,990 கோடி ரூபாய் ஒதுக்கி, தேசியத் தகவல் மையம் அமைத்தது அது. ஆனால் வாசல் வரை எவ்வளவு வேகமாக வந்தாலும், வளாகத்துக்குள் பழைய ஸ்விட்ச்சும் அறுந்த கேபிளும் இருந்தால் மாணவனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. உங்கள் கன்வெர்ட்டர் கதையும் அதுதான்.

யாழ்_நெட்

வணக்கம். நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இங்கே பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் என்ற பொது அமைப்பு இருக்கிறது, நிலையம் பேராதனையில். உறுப்பு நிறுவனங்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்துகிற அமைப்பு அது. லிங்க் வாங்குவதோடு நில்லாமல், வளாகப் பொறியாளர்களுக்குப் பயிற்சிப் பட்டறையும் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பலன். ஒரு வளாகத்தில் கோளாறு என்றால், அடுத்த வளாகத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும்.

நீங்கள் நாலு பேரும் அமைப்பு எதுவும் பதிய வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர், அவர் லீவில் போனால் பார்க்க இன்னொருவர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கண்காணிப்புத் திரை. இதை முதலில் செய்யுங்கோ. வைஃபைக்கு எடுரோம் பாருங்கோ. இந்தியாவில் எர்னெட் அமைப்புதான் நடத்துகிறது. உங்கள் மாணவர் அரசுக் கல்லூரிக்குப் போனாலும் தன் கடவுச்சொல்லோடே நுழையலாம். உள்நுழைவைச் சரிபார்ப்பது அவருடைய சொந்தக் கல்லூரி என்றபடியால், யார் வந்தார் என்ற பதிவும் இருக்கும்.

கல்லூரி_சிஸ்டம்ஸ்

கன்வெர்ட்டரை மாற்றிவிட்டார்கள். ஐபெர்ஃப் இப்போது 930-க்கு மேல் வருகிறது. எல்லோருக்கும் நன்றி!

ஒரே பெயரில் வாங்கும் திட்டத்தைக் கைவிடுகிறோம், முதல்வரும் ஒத்துக்கொண்டார். இனி அளவு. சேவை தருபவர் '95 சதமானம் வைத்துப் பார்த்தால் 400 எம்பிபிஎஸ் போதும்' என்கிறார். நம்பலாமா?

பழைய_வளாகப்_பொறியாளர்

நம்பாதீர்கள். 95 சதமானம் என்பது, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த அளவுகளில் உச்சமான 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு மீதியில் உச்சத்தைப் பார்ப்பது. 30 நாள் மாதத்தில் அப்படித் தள்ளுவது 36 மணி நேரம். பெரிய நிறுவனத்துக்குப் பில் போட அது சரி. உங்களுக்கு ஆன்லைன் தேர்வும், கட்டணம் கட்டக் கடைசி நாளும், சேர்க்கை நாளும் அந்த 36 மணி நேரத்துக்குள்தானே வருகின்றன! பிள்ளைக்கு நெட் மிகவும் வேண்டிய நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு 'போதும்' என்கிறார்கள்.

லிப்ரெஎன்எம்எஸ் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் இலவசம். ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு செமஸ்டர் முழுக்க எல்லா இடத்து வாசல் போர்ட்டிலும் ஓடும் அளவைப் பதியுங்கள். பழைய தரவைச் சராசரியாக்கிச் சுருக்கும் அமைப்பைத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து உச்சமெல்லாம் தேய்ந்துபோய்த் தெரியும். கல்லூரிகளின் உச்சம் காலையில், நூலகத்தின் உச்சம் மாலையில் என்று வந்தால், விலை பேச அதுவே உங்களுக்குப் பிடி. ஃபயர்வாலின் விவரத் தாளையும் பாருங்கள். முகப்பில் போட்டிருக்கும் வேகம் வேறு, எல்லாப் பாதுகாப்புச் சோதனையும் இயங்கும்போது கிடைக்கும் வேகம் வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது.

ஃபைபர்_களப்பணி

ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டாவது லைன் எடுத்தால், வேறு நிறுவனம் என்பதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். எங்கள் பக்கம் இரண்டு நிறுவனத்தின் ஃபைபரும் ஒரே மின்கம்பத்தில், ஒரே கொக்கியில் தொங்குகிறது. சாலை அகலப்படுத்த ஜேசிபி வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஆர்டர் போடும் முன் இருவரிடமும் பாதை வரைபடம் கேளுங்கள். கையில் வாங்கிக்கொண்டு, லைன்மேனோடு ஒருமுறை அந்த வழியே வண்டியில் போய்ப் பாருங்கள். தர மறுப்பவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கல்லூரி_சிஸ்டம்ஸ்

வரைபடம் கேட்டு இன்றே இருவருக்கும் கடிதம் அனுப்புகிறேன். அரசுக் கல்லூரியிலும் நூலகத்திலும் லிப்ரெஎன்எம்எஸ் போட அனுமதி கேட்டிருக்கிறேன். செமஸ்டர் முடிந்ததும் நான்கு இடத்துப் பயன்பாட்டு வரைபடத்தையும் இங்கேயே போடுகிறேன். அதை வைத்து அளவு சொல்லுங்கள்.