எஸ்டேட், கார்டியன்ஷிப்: இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல்?

சட்ட ஆசிரியை, சேலம்:
அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்குத் தமிழில் குறிப்பு தர வேண்டும். இறந்தவர் விட்டுப்போன சொத்தையும் மைனரின் கார்டியனையும் எந்த நீதிமன்றம் கவனிக்கும், அது எப்படி மாறி வந்தது என்பது பாடம். இங்கிலாந்தில் உயில் வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தன. 1857 சட்டம் அவற்றைப் பிடுங்கித் தனி நீதிமன்றத்திடம் கொடுத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ‘ஆர்ஃபன்ஸ் கோர்ட்’ இரண்டையும் பார்த்தது. 1968 அரசியலமைப்பு அதைப் பொது நீதிமன்றத்தின் ஒரு பிரிவாக்கியது. ஒரு மாணவர் அதை ‘அனாதை நீதிமன்றம்’ என்று எழுதி வந்திருக்கிறார். சொத்து, பிள்ளை இரண்டையும் அடக்கும் ஒரே சொல் உண்டா?

ஏற்காட்டிலிருந்து:
அம்மா, எஸ்டேட்டை மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். இங்கே மலையில் எஸ்டேட் என்றால் காப்பியும் மிளகும்தான். ‘எஸ்டேட் மேற்பார்வை’ என்றால் ரைட்டர் வேலை என்று நினைப்பார்கள். ‘தாயம்’ எப்படி? கரிகாலனை ‘தாய்வயிற்று இருந்து தாயம் எய்தி’ என்கிறது பொருநராற்றுப்படை.

தமிழாசிரியர் (ஓய்வு), ஆத்தூர்:
தாயம் வடசொல். போதாக்குறைக்கு, மாணவர்கள் கட்டையை உருட்டத் தொடங்கிவிடுவார்கள். ‘எச்சம்’ இருக்க ஏன் அலைய வேண்டும்? ‘அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளில் எச்சத்துக்கு மக்கள் என்றே பொருள் கொள்கிறார் பரிமேலழகர். மிஞ்சி நிற்பதும் எச்சம்தான். சொத்தும் பிள்ளையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன, பாருங்கள்!

வழக்கறிஞர், சேலம்:
ஐயா, ‘எச்ச நீதிமன்றம்’ என்று போர்டு மாட்டினால் கட்சிக்காரர் காக்கையைத் தேடுவார். ஒரே சொல் தேடுவதே நம் நாட்டுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. 1890 கார்டியன் சட்டப்படி மைனரின் ஆளுக்கும் (அதாவது பிள்ளைக்கே) சொத்துக்கும் கார்டியன் நியமிக்கும் வேலை மாவட்ட நீதிமன்றத்துடையது. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தபின், குடும்ப நீதிமன்றம் அமைந்த ஊர்களில் ஆளைப் பற்றிய மனு மட்டும் அங்கே போனது. சொத்து இடம்பெயரவில்லை. பிள்ளை ஒரு கோர்ட்டில், பிள்ளையின் நிலம் இன்னொரு கோர்ட்டில். ஒரே சொல்லைப் போட்டால் இந்தப் பிளவே மாணவருக்குத் தெரியாது. ‘விடுசொத்து’, ‘காப்புரிமை’ என்று பிரித்து வையுங்கள்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சங்ககிரி:
காப்புரிமையை எப்போதோ பேட்டண்டுக்குக் கொடுத்தாயிற்று சார். மேலாண்மை மாதிரி ‘காப்பாண்மை’ எனலாம்.

தமிழாசிரியர், ஆத்தூர்:
விடுசொத்து வினைத்தொகை. விட்ட, விடுகின்ற, விடும் என மூன்று காலமும் பொருந்த வேண்டும். செத்தவர் இனி எதை விடுவார்? மேலும், சொத்தே தமிழில்லை.

ஏற்காட்டிலிருந்து:
ஊறி முடிந்த பிறகும் ஊறுகாய் என்றுதானே ஐயா சாப்பிடுகிறோம்?

சட்ட ஆசிரியை:
அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். ‘விடுசொத்து, காப்பாண்மை: நீதிமன்ற ஆள்வரை மாற்றம்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டேன். பெரும்பாலானோர் சரி என்கிறீர்கள், அல்லது களைத்துவிட்டீர்கள். எச்சத்தைச் சேர்க்க இடமில்லை. ஐயா பொறுத்தருள்க.

தமிழாசிரியர், ஆத்தூர்:
எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆள்வரைக்கு யாரைக் கேட்டீர்கள்? அதிகார வரம்பு என்றால் எல்லோருக்கும் புரியுமே! அப்புறம், காப்பாளர் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்கு என்ன சொல்? ‘வார்டு’ என்று எழுதிவைக்காதீர்கள். சேலம் மாநகராட்சியில் ஏற்கெனவே 60 வார்டுகள் இருக்கின்றன.