ரெயின் கவர் போட்டும் பை நனைந்த கதை: புதுப்பிப்பு

கொடைக்கானல் மலையில் இருக்கும் வெள்ளகவி நடைபாதையில், முதுகுப் பைக்கு மேலே ரெயின் கவர் (மழை உறை) போட்டும் உள்ளே இருந்த ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டது, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். 'கவரை நம்பாதே, பைக்குள் பை போடு' என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

சரி, ஐப்பசி அடைமழையிலேயே சோதித்துவிட்டேன். வட்டக்கானலில் இறங்கி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை வரை, அதே பாதை.

முதலில் காரணம் புரிந்தது. கவர் முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. கழுத்தில் வழியும் தண்ணீர் பையின் தோள்வார், முதுகுப் பஞ்சு வழியாக உள்ளே இறங்குகிறது. கீழே கவருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கிக் கிடந்தது!

இந்த முறை சாக்குக் கடையில் வாங்கிய, மூட்டைக்குள் போடும் கனமான பாலித்தீன் பையைப் பயன்படுத்தினேன். (கேரி பேக் வேண்டாம். 2019 முதல் தமிழ்நாட்டில் தடை, தவிர முதல் முள்ளிலேயே கிழியும்.) அதைப் பைக்குள் விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத்துணியையும் அடைத்து, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துவிட்டேன். கட்டவே தேவையில்லை, மேலே இருக்கும் சாமான் அழுத்திக்கொள்ளும். மழைக்கோட்டு மட்டும் அந்தப் பாலித்தீன் பைக்கு வெளியே.

மூன்று மணி நேர மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஆனால் சொதப்பலும் உண்டு. ஈரச் சாக்ஸை உள்ளே திணித்தேன், காலையில் எல்லாமே நமுத்திருந்தது. அப்புறம், மேல் ஜிப்பில் வைத்த பிஸ்கட் கஞ்சியாகிவிட்டது.