நாலு பேரா ஆரம்பிச்ச பேண்டு இப்ப ஒண்ணரை ஆளா நிக்குது, அந்த வேல்ஸ்காரனுவ எப்படித்தான் ஓட்டுனானுவ?

வண்ணாரப்பேட்டை_பேஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேரு, பாளைல ஒரே காலேஜ்ல படிச்சவனுவ, மூணு வருசமா ஒரு பேண்டு வச்சிருக்கோம், நம்ம ஊரு பேச்சுலயே பாட்டு எழுதி நாங்களே மெட்டு போடுதோம். மொட்டை மாடில தகர ஷெட்டு, உள்ள பூரா முட்டை அட்டை ஒட்டிருக்கு, மே மாசம் மத்தியானம் உள்ள போனா கிட்டார் கம்பியே சுடும். இப்ப டிரம்மருக்கு கோயம்புத்தூர்ல வேல கெடச்சு போயிட்டான். கீபோர்டு பய கோயில் கொடைக்கு லைட் மியூசிக் ட்ரூப்போட போறான், விடிஞ்சா கையில காசோட வாரான், அவனையும் குத்தம் சொல்ல முடியாது. பாடுதவன் இங்கிலீஷ்ல பாடுனாத்தான் பெங்களூர்ல மேடை கெடைக்கும்னு ஒரே சண்டை. போன மாசம் ஒரு விழாவுல வாசிச்சோம், சம்பளம் பேசிட்டுத்தான் போனோம், கடைசில ஒரு சால்வைய போத்தி போட்டோ எடுத்து அனுப்பிட்டாவ, லோடு ஆட்டோ வாடகை எங்க கைக்காசு.

விசயம் என்னன்னா யூடியூப்ல தற்செயலா கார்க்கிஸ் ஸைகாட்டிக் மங்கின்னு ஒரு வேல்ஸ் பேண்டு கேட்டேன், ஒரு எழவும் புரியல, ஆனா ரெண்டு நாளா அதான் மண்டைக்குள்ள ஓடுது. இவனுவளும் சின்ன ஊரு, சின்ன பாஷை. எப்படி தாக்குப் புடிச்சானுவ? தெரிஞ்சவிய சொல்லுங்க.

கேசட்டு_அண்ணாச்சி:
தம்பி, அந்தப் பேரத் தமிழ்ல எழுதிப் பாப்பேன்னு கனவுலயும் நெனைக்கல. 90கள்ல கப்பல்ல போன சேக்காளி ஒருத்தன் அவிய சிடி ஒண்ணு கொண்டாந்து குடுத்தான், அதுல புடிச்ச கோட்டி எனக்கு.

கார்மார்தன்னு மேற்கு வேல்ஸ்ல ஒரு ஊரு, 1991ல பள்ளிக்கூடத்துப் பயலுவ சேந்து ஆரம்பிச்சது. பாடுதவன் ஐரோஸ் சைல்ட்ஸ், கூடப்பொறந்தவ மேகன் வயலின். அவியள மொதல்ல ரெக்கார்டு போட்டது ஆங்ஸ்ட்னு ஒரு லேபிள், அது என்ன பெரிய கம்பெனியான்னா இல்ல, அபெரிஸ்ட்வித்ல படிச்ச மாணவனுவ 1988ல ஆரம்பிச்சது, அதாவது வாசிக்கவும் பயலுவ, விக்கவும் பயலுவ. 1996ல ஃபொண்டானான்னு பெரிய கம்பெனி வந்து கையெழுத்து வாங்குச்சு. அவிய பாஷையான வெல்ஷும் இங்கிலீஷும் கலந்த ஒரு சிங்கிள், அதான் தனியா விக்குத பாட்டு, அந்த வருசம் பிரிட்டன் விற்பனை சார்ட்டுல ஏறி ஏறி 41ல போய் நின்னுச்சு. நாப்பதுக்குள்ள வந்தாத்தான் அங்க மதிப்பு, ஒத்தப் படில போச்சு பாத்துக்க. மொத்தம் எட்டு சிங்கிள் 75க்குள்ள வந்திருக்கு, ஒண்ணு கூட 40ஐத் தொடல! ரெண்டு ஆல்பம் பாத்துட்டு கம்பெனிக்காரன் கழட்டி விட்டுட்டான். அதுக்கும் அசரல, வேற லேபிள் புடிச்சு 2006 வரைக்கும் ஓட்டுனாவ. நான் சொல்லுதது, ஜெயிச்ச கதைன்னு நெனச்சு கேக்காத. தோத்துக்கிட்டே பதினஞ்சு வருசம் வாசிச்ச கத.

பாஷை சண்டைக்கு ஒண்ணு சொல்லுதேன். சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ்னு கார்டிஃப் பேண்டு, 1993ல ஆரம்பிச்சது, இங்கிலீஷ்ல பாடிப் பேரு வாங்குனவனுவ. அவிய லேபிள இழுத்து மூடுனதும் 2000ல சொந்தமா ஒரு ஆல்பம் போட்டாவ, முழுக்க வெல்ஷ், அது பிரிட்டன் ஆல்பம் சார்ட்டுல 11வது எடத்துக்கு வந்துச்சு. ஆனா அவனுவ ஏற்கனவே பேரு எடுத்துட்டானுவ, அதையும் சேத்தே யோசி. உங்க பாடகர் கிட்ட ரெண்டும் பாடச் சொல்லு, யாரும் புடிச்சு உள்ள போட மாட்டான்.

அம்பை_டூ_கார்டிஃப்:
இங்க வந்து ஆறு வருசம் ஆச்சு, அதனால ஒரு வார்த்த. சின்ன பாஷைன்னு சொன்னியள்ல, 2021 சென்சஸ்ல வெல்ஷ் தெரிஞ்சவிய 5,38,000 பேருதான், வேல்ஸ்லயே 17.8 சதவீதம். நம்ம நெல்லை மாநகராட்சி 2011லயே 4.7 லட்சம். அந்த அளவு கூட்டத்த நம்பி லேபிள், ரேடியோ, கிளப்புன்னு எல்லாம் வச்சிருக்காவ. இங்க கார்டிஃப்ல க்ளூப் ஈவோர் பாஹ்னு ஒரு கிளப்பு, 1983லருந்து இருக்கு. ஈவோர் பாஹ்ங்கிறவன் 1158ல கார்டிஃப் கோட்டை மதில்ல ஏறி உள்ள இருந்த பிரபுவையே தூக்கிட்டுப் போனவன், நம்ம ஊர்ல பூலித்தேவன் பேர்ல கிளப்பு வச்சா எப்படி இருக்கும், அப்படி. ஒரு மழை நாள் ராத்திரி போயிருந்தேன், வேற ஒரு சின்ன எடம், முப்பது பேரு இருந்தா அதிகம். வாசிச்சு முடிச்ச டிரம்மர் அந்த ஈரச் சட்டையோடயே வாசல்ல மேசை போட்டு டீசர்ட் வித்துக்கிட்டு இருந்தான், சில்லறை இல்லாம பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட கடன் வாங்கி எனக்கு மிச்சம் குடுத்தான். காலைல அஞ்சு மணிக்கு பேக்கரி ஷிப்டுன்னான்.

காசு விசயம் இங்கயும் நாறத்தான் செய்யுது. பாட்டு ரேடியோல ஓடுனா எழுதுனவனுக்கு ராயல்டி வரும். 2007ல அந்த ராயல்டிய வசூல் பண்ணிப் பிரிச்சுக் குடுக்குத பிரிட்டன் சங்கம் கணக்குப் போடுத முறைய மாத்துச்சு, வெல்ஷ் பாட்டுக்காரனுக்கு வாரது பாதாளத்துக்குப் போயிட்டு. பொறுத்துப் பாத்துட்டு 2012ல பாட்டுக்காரங்களே ஈயோஸ்னு தனிச் சங்கம் வச்சாவ, 2013 ஜனவரி 1லருந்து எங்க பாட்டப் போடாதன்னுட்டாவ. பிபிசியோட வெல்ஷ் ரேடியோ வெல்ஷ் பாட்டுக்குத் திண்டாடுச்சு! கடைசில காப்பிரைட் தீர்ப்பாயம் வருசத்துக்கு 1,00,000 பவுண்டுன்னு முடிவு பண்ணுச்சு, கேட்டதவிட ரொம்பக் கம்மி. இருந்தாலும் கேட்டாவல்ல. நம்ம நாட்டுல இந்த ராயல்டிய வசூல் பண்ணிக் குடுக்குத சங்கம் ஐபிஆர்எஸ், நீங்க அதுல மெம்பர் ஆகிட்டியளா? எழுதுனவன், மெட்டுப் போட்டவன் ரெண்டு பேரும் ஆவலாம், மொதல்ல அத முடிங்க, நாளைக்கு எவனாவது ரீல்ஸ்ல போட்டு பேரு வாங்கிட்டு போயிருவான்.

சவுண்டு_சர்வீஸ்:
வேல்ஸ் எல்லாம் எனக்குத் தெரியாது. தம்பி, மொதல்ல அந்த முட்டை அட்டையப் பிச்சு எறி. அது எதிரொலியக் கொஞ்சம் கொறைக்கும், அவ்ளோதான், உன் பேஸும் டிரம்மும் தெரு முழுக்கக் கேக்கும். சத்தத்த நிறுத்தணும்னா சொவத்துக்கு கனம் வேணும், தகரத்துல என்ன கனம் இருக்கு? கீழ அரிசி மூட்டை அடுக்குத ரூம் எதாச்சும் இருந்தா அங்க எறங்கு. அப்புறம் ஆம்ப்ளிஃபயர்ல கை வச்சா சுர்ருங்குதா? எர்த்த செக் பண்ணு, விளையாட்டு இல்ல.

கொடைன்னா கேவலமா பேசாதிய. ராத்திரி கரகம், நையாண்டி மேளம், சாமியாட்டம்னு ஆயிரும், அப்ப உன் பாட்ட எவனும் கேக்க மாட்டான். ஆனா சாயங்காலம் ஆறுலருந்து ஏழரை வரைக்கும் மேடை, லைட்டு, மைக் செட்டு எல்லாம் கட்டி வச்சு சும்மா கெடக்கும், புள்ளைய மேடைல ஏறி ஓடி விளையாடும், எனக்கு ஒயரு பிஞ்சுருமோன்னு பக்கு பக்குங்கும். ஆவணி மாசம் ரெண்டு ஊரு ஒத்துக்கிட்டிருக்கேன். ஊர் பெரியவிய கிட்ட நான் பேசுதேன், நாலு பாட்டு வாசிங்க, ஆட்டோ காசு முன்னாடியே வாங்கித் தாரேன். சால்வை கெடையாது.

வண்ணாரப்பேட்டை_பேஸ்:
சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதியளா? டிரம்மருக்கு அந்தானிக்கே போன் போட்டேன், வெள்ளிக்கெழம ராத்திரி பஸ் ஏறுனா காலைல வந்துருவேன்னான், தேதி மட்டும் சொல்லுங்க. பாடுதவன் இன்னும் பதில் போடல, ஆனா மெசேஜ் பாத்துட்டான். முட்டை அட்டைய பிய்க்க ஆரம்பிச்சாச்சு, பின்னால ஒரு பல்லிக் குடும்பமே இருக்கு.