மறு: ‘செக் வால்வு’ – கலைச்சொல் பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குழாயில் நீரை ஒரே திசையில் மட்டும் போகவிடும் ‘செக் வால்வு’ என்பதற்குச் ‘சோதனை அடைப்பான்’ என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. அந்தக் கருவி எதையும் சோதிப்பதில்லை. வேலந்தாவளம் வழியே தமிழக–கேரள எல்லை கடந்து பழகிய, பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைத் தமிழர்களுக்குச் ‘செக்’ என்றதும் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும் என்றாலும், வால்வில் இருக்கும் ‘செக்’ வேறு.

பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’, சதுரங்கத்தின் வழியே பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. அரசனுக்கு நெருக்கடி வந்தபின் ஆட்டக்காரர் விரும்பிய காயை விரும்பியபடி நகர்த்த முடியாது என்பதால் தடுத்தல், அடக்குதல் என்ற பொருள் கிளைத்தது. சரிபார்த்தல் பின்னால் வந்து சேர்ந்தது. வங்கிக் காசோலை சரிபார்த்தலின் வழி வந்தது. கட்டம் போட்ட சட்டையோ நேரே சதுரங்கப் பலகையிலிருந்து இறங்கியது! ‘செக் டேம்’ என்பதைத் தமிழில் தடுப்பணை என்கிறோம். இங்கே மலையாளத்தில் ‘தடயண’ என்கிறார்கள். இரண்டிலும் தடுத்தலே சரியாகப் பிடிபட்டிருக்கிறது.

வால்வின் வேலையும் அதுவே. கிணற்று மோட்டார் ஓடும்போது ஏறிவரும் நீர் உள்ளிருக்கும் தட்டைத் தள்ளித் திறக்கிறது. மோட்டார் நின்றதும் தட்டு கீழே விழ, குழாயில் நிற்கும் நீரின் கனமே அதை இறுக்கி மூடிவிடுகிறது. உறிஞ்சுகுழாயின் அடியில் மாட்டும் ‘புட்வால்வு’ இவ்வகைதான். அதில் மணலோ சருகோ சிக்கித் தட்டு சரியாக உட்காராவிட்டால் நீர் இறங்கிப்போய், மறுநாள் காலையில் பம்புக்குள் குடம் குடமாக நீர் ஊற்றிய பிறகே மோட்டாரைப் போட வேண்டியிருக்கும். ஆழ்துளைக் கிணற்றில் இந்த வால்வு இல்லையென்றால் இறங்கும் நீர் பம்பின் சுழலிகளைத் தலைகீழாகச் சுற்றிவிடும்.

கடைக்காரர்கள் ‘என்.ஆர்.வி.’ (‘நான் ரிட்டர்ன் வால்வு’) என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். அதன் விரிவைப் பின்பற்றி ‘மீளா அடைப்பான்’ எனலாம். ஆனால் மீளாதது நீரா, அடைப்பானா என்ற மயக்கம் எழும். ஆகவே ‘பின்னோட்டத் தடுப்பான்’ என்பதை முன்வைக்கிறேன். புட்வால்வை அதன் வகையாகக் கொண்டு ‘அடிக்குழாய்த் தடுப்பான்’ என்று சொல்ல நினைத்தேன். கைப்பம்பையும் அடிகுழாய் என்பதால் குழப்பம் வரும். ‘அடிமுனைத் தடுப்பான்’ பொருந்துமா என்று பொறியியல் அன்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணினியில் தரவு பிழையின்றி வந்ததா என்று பார்க்க உதவும் ‘செக்சம்’ என்ற எண் சரிபார்த்தல் வகையைச் சேர்ந்தது. அதைச் ‘சரிபார்ப்புத் தொகை’ என்றே வைத்துக்கொள்ளலாம்.